பெருந்தொற்று வயது பார்த்துத் தாக்குமா?

2021 ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில், டெல்டா அலை உச்சத்தில் நின்றபோது, திருகோணமலையில் கைபேசி வைத்திருந்த அநேகமாக எல்லோருக்கும் ஓர் அட்டவணை பழகிப்போயிருந்தது. அரசாங்கத் தகவல் திணைக்களம் நாள்தோறும் வெளியிட்ட கொவிட் மரண அறிக்கைதான் அது. 30 வயதுக்குக் கீழ்ப்பட்டோர், 30 முதல் 59 வரை, 60 வயதும் அதற்கு மேலும் என்று மூன்று வரிகள். ஆண், பெண் என்று இரண்டு நிரல்கள். எண்கள் அன்றாடம் மாறும். ஆனால் பெரிய எண் எந்த வரியில் இருக்கும் என்பதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்: கடைசி வரியில்.

அந்த அட்டவணையால் நன்மையும் உண்டு, கேடும் உண்டு. முதியவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது நன்மை. 59 க்கும் 60 க்கும் நடுவே இல்லாத ஒரு வேலியை மனங்களில் அடைத்துவிட்டது கேடு. "எனக்கு இன்னும் இரண்டு வருஷம் பயமில்லை" என்று 58 வயதுக்காரர் ஒருவர் பகிடி விட்டதை மடத்தடிச் சந்தியில் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். திருக்கடலூரில் இன்னமும் கரைவலை இழுக்கிற 62 வயதுக்காரரும், எழுந்து நடமாட முடியாத 88 வயது ஆச்சியும் அந்த அட்டவணையில் ஒரே கட்டத்துக்குள்தான் இருந்தார்கள். நோய் அவர்களை அப்படி ஒன்றாகப் பார்ப்பதில்லை.

வயது என்று நாம் சொல்லும் ஒற்றை எண்ணில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்திருக்கின்றன. உடம்பு எத்தனை ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்திருக்கிறது என்பது ஒன்று. எந்த ஆண்டில் பிறந்தோம், சிறுவயதில் எந்தக் கிருமியை முதலில் சந்தித்தோம் என்பது மற்றது. ஒரு பெருந்தொற்று யாரைக் கடுமையாகத் தாக்கும் என்பதை இவ்விரண்டும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. கொவிட்டில் முதலாவதன் கை ஓங்கியிருந்தது. 1918 இல் வந்த இன்புளுவென்சாவிலும் 2009 இல் வந்த பன்றிக் காய்ச்சலிலும் இரண்டாவது பெரிய வேலை செய்தது.

ஏறிக்கொண்டே போகும் கணக்கு

முதலில் எதை எண்ணுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பரிசோதனையில் உறுதியான நோயாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது ஒரு விகிதம். தொற்றிய எல்லோரிலும் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது வேறொரு விகிதம். ஒரு தும்மலோடு தேறியவரும், பரிசோதனைப் பக்கமே போகாதவரும் இரண்டாவது கணக்கில் வருவார்கள், முதலாவதில் வரமாட்டார்கள். இளம் வயதினர் பலருக்குத் தங்களுக்குத் தொற்றியதே தெரியாது என்பதால், வயதுகளை ஒப்பிட இரண்டாவது விகிதமே நேர்மையானது.

2020 ஆம் ஆண்டின் இறுதியில், பல செல்வந்த நாடுகளின் இரத்தப் பரிசோதனைத் தரவுகளையும் மரணப் பதிவுகளையும் சேர்த்து இந்த விகிதத்தை வயதுவாரியாகக் கணித்த தொகுப்பாய்வு ஒன்று வெளியானது. தடுப்பூசி வருவதற்கு முந்திய காலத்துக் கணக்கு அது. அதை நம் ஊருக்கு விளங்கும்படி சொல்வதானால், மக்கெய்சர் மைதானத்தில் ஒரே வயதுடைய 10,000 பேரை நிறுத்துவோம். (மைதானம் தாங்குமா என்பது வேறு கதை.) அவர்கள் எல்லோருக்கும் தொற்றிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் 25 வயதினர் என்றால் ஒருவர் இறப்பார். 55 வயதினர் என்றால் 40 பேர். 65 வயதென்றால் 140 பேர். 75 வயதென்றால் 460 பேர். 85 வயதென்றால் 1,500 பேர். பத்து வயதுப் பிள்ளைகள் என்றால் மைதானத்தை ஐந்து தடவை நிரப்பினால்தான் ஒரு மரணம் நிகழும்.

இந்த எண்களை இன்னொரு முறை நிதானமாகப் பாருங்கள். 25 க்கும் 75 க்கும் இடையில் வயது மூன்று மடங்காகியிருக்கிறது. ஆபத்து 460 மடங்காகியிருக்கிறது. குட்டி போடுகிற வட்டிக்குக் கடன் வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். முதல் சில ஆண்டுகளில் ஒன்றும் தெரியாது, பிறகு கழுத்தைப் பிடிக்கும். ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆபத்து இரட்டிப்பாகிறது. 58 க்கும் 60 க்கும் நடுவே எதுவும் திடீரென மாறுவதில்லை. ஆனால் 58 வயதுக்காரர் தன் 28 வயது மகனைவிட முப்பது மடங்குக்கும் மேலான ஆபத்தில் ஏற்கெனவே நிற்கிறார். மடத்தடிச் சந்தியில் பகிடி விட்டவருக்கு இதை யாராவது அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

இந்த இரட்டிப்பு கொவிட்டுக்கு மட்டும் உரிய அதிசயமல்ல. பெஞ்சமின் கொம்பெட்ஸ் என்ற ஆங்கிலேயக் காப்புறுதிக் கணக்கியலாளர் 1825 இலேயே, வளர்ந்த மனிதரின் இறப்பு அபாயம் வயதோடு இப்படி மடங்கு மடங்காகவே ஏறுகிறது என்று எழுதிவைத்தார். சாதாரண காலத்தில், எல்லாக் காரணங்களையும் சேர்த்தால், ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகிறது. ஏற்கெனவே இருந்த அந்தச் சரிவில் கொவிட் இன்னும் சற்றுச் செங்குத்தாக ஏறியது, அவ்வளவுதான். 2003 இல் வந்த சார்ஸ் நோயிலும் இதே போக்கு இருந்தது. 24 வயதுக்குக் கீழ்ப்பட்ட நோயாளரில் நூற்றுக்கு ஒருவர்கூட இறக்கவில்லை. 65 வயதைத் தாண்டியோரில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அன்றைய மதிப்பீடு.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். ஓர் ஊரில் மரண விகிதம் குறைவாக இருந்தால் அந்த ஊர் நன்றாகச் சமாளித்தது என்று முடிவுகட்டிவிட முடியாது. கிழக்கு மாகாணத்தில், நாட்டின் தென்மேற்குப் பகுதியோடு ஒப்பிட்டால், பிள்ளைகளும் இளைஞர்களும் கூடுதலாக இருக்கிறார்கள். கிண்ணியாவிலோ மூதூரிலோ பாடசாலை விடும் நேரத்தில் வீதியோரம் நின்று பார்த்தாலே இது தெரியும். அதே வைரஸ், அதே எண்ணிக்கையில் தொற்றினாலும், முதியவர் கூடிய ஊரில் இறப்பு அதிகமாகவும், இளையவர் கூடிய ஊரில் குறைவாகவும் இருக்கும். வயதைக் கணக்கில் எடுக்காமல் இரண்டு மாவட்டங்களை, ஏன், இரண்டு நாடுகளை ஒப்பிடுகிற எந்தச் செய்தியையும் நான் பாதிக்கு மேல் வாசிப்பதில்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

நுரையீரலிலிருந்து தொடங்கலாம். வயதாக ஆக அதன் மீள்தன்மை குறைகிறது. நெஞ்சுக்கூடு விறைக்கிறது. மூச்சுத் தசைகள் தளர்கின்றன. மூச்சுக்குழாய்களில் இருக்கும் நுண்மயிர்கள்தான் சளியை மேலே தள்ளிக்கொண்டுவருகின்றன; அவை மெதுவாகின்றன. இருமலின் வேகமும் குறைகிறது. டச்சு விரிகுடாக் கடற்கரையில் மாலையில் நடக்கிற எழுபது வயதுக்காரருக்கு இதனால் ஒரு குறையும் தெரியாது. ஏனெனில் நுரையீரலின் முழுக் கொள்ளளவும் அன்றாட வாழ்க்கைக்குத் தேவைப்படுவதில்லை. நியூமோனியா வந்து ஒரு பகுதி அடைபடும்போதுதான் கையிருப்பு எவ்வளவு என்று தெரியவருகிறது.

ஆனால் நுரையீரல் பாதிக் கதைதான். நோய் எதிர்ப்பாற்றலில் நடக்கும் மாற்றமே பெரியது.

ஒரு வைரஸ் மூக்கிலோ தொண்டையிலோ நுழைந்தவுடன், அது எந்த வைரஸ் என்று பார்த்துக்கொண்டிராமல் உடம்பு எழுப்புகிற முதல் எச்சரிக்கை இன்டர்பெரோன் என்ற புரதம். அது சுற்றியுள்ள கலங்களை உஷார்ப்படுத்தி, வைரஸ் பெருகுவதை மந்தப்படுத்துகிறது. பிள்ளைகளின் மூக்கில் இந்த ஏற்பாடு எப்போதும் அரைவிழிப்பிலேயே இருப்பதால் வைரஸ் வந்த வேகத்திலேயே மறியல் விழுகிறது. முதியவர்களில் இது தாமதமாகவும் பலவீனமாகவும் எழுகிறது. சிலருக்கு இன்னொரு வில்லங்கமும் சேர்கிறது. அவர்களுடைய உடம்பே தன் இன்டர்பெரோனைத் தாக்கி முடக்கும் எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. தொற்றே ஏற்படாத மக்களைச் சோதித்தபோது, 70 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில் இத்தகைய எதிர்ப்பொருள் காணப்பட்டது. இளையோரில் அது மிக அரிது. கொவிட்டால் இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு அது இருந்தது என்று 2021 இல் வெளியான ஆய்வு காட்டியது. நேற்றுவரை திடகாத்திரமாக இருந்த ஒருவர் ஏன் திடீரென விழுந்தார் என்ற கேள்விக்குச் சில குடும்பங்களில் இதுவே விடையாக இருந்திருக்கும்.

இரண்டாவது, ரி கலங்கள். புதிய கிருமியை இனங்கண்டு அதற்கென்றே படை திரட்டுபவை இவை. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் இவை பக்குவமடைகின்றன. தைமஸ் சிறுவயதில்தான் பெரிதாகவும் சுறுசுறுப்பாகவும் இருக்கும். பிறகு சுருங்கிச் சுருங்கி, கொழுப்பாக மாறிவிடுகிறது. ஆகவே எழுபது வயதில் உடம்பில் இருப்பவை பெரும்பாலும் பழைய எதிரிகளை நினைவில் வைத்திருக்கும் கலங்கள். எந்த எதிரிக்கும் இன்னும் ஒதுக்கப்படாத புதுக் கலங்கள் கொஞ்சம்தான். பழகிய கிருமி வந்தால் முதியவர் நன்றாகவே சமாளிப்பார். மனித இனமே கண்டிராத கிருமி வந்தால்தான் தடுமாறுவார். 2020 இல் வந்தது அப்படிப்பட்ட ஒன்று.

மூன்றாவது, கனன்றுகொண்டே இருக்கும் அழற்சி. வயதான உடம்பில் காரணமேதுமின்றியே அழற்சி சற்று உயர்ந்த நிலையில் இருக்கும். தொற்று வந்தால் அது அடங்காமல் மேலும் ஏறுகிறது. முதல் மறியல் பலவீனமானதால் வைரஸ் நிறையப் பெருகிவிடுகிறது; பிறகு வருகிற பதிலடி அளவுக்கு மீறிப் போய் நுரையீரலையே காயப்படுத்துகிறது. பிந்தி வருவதும் மிஞ்சி வருவதும் முரணாகத் தோன்றும். கடுமையான கொவிட் நோயாளரில் இரண்டும் சேர்ந்தே காணப்பட்டன.

"அதெல்லாம் வயதால் இல்லை, சலரோகமும் பிரஷரும் இருந்ததால்தான்" என்று சொல்பவர்கள் உண்டு. வைத்தியசாலைக் கிளினிக் நாளில் விடியற்காலையிலேயே கொப்பிகளோடு வரிசையில் நிற்கும் முதியவர்களைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. இதைப் பிரித்தறிய, இங்கிலாந்தில் ஒரு கோடியே எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை 2020 இல் ஆராய்ந்தார்கள். கட்டுப்பாட்டில் இல்லாத சலரோகம் மரண ஆபத்தை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கியது. ஆனால் மற்ற நோய்களையெல்லாம் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், ஐம்பதுகளில் இருப்பவரைவிட 80 வயதைக் கடந்தவருக்கு ஆபத்து சுமார் 20 மடங்கு இருந்தது. சலரோகத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது அவசியம்தான். ஆனாலும், மருந்தை ஒழுங்காகப் போடுகிற எண்பது வயதுக்காரர் ஐம்பது வயதுக்காரராகிவிட மாட்டார்.

பிள்ளைகள் பக்கம் கணக்கு எப்போதும் நல்லபடி இருப்பதில்லை. கைக்குழந்தைகளின் மூச்சுக்குழாய் மிக ஒடுங்கியது. கொஞ்சம் வீங்கினாலே அடைத்துக்கொள்ளும். வழக்கமான இன்புளுவென்சாவில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளும் முதியவர்களும் இரு முனைகளிலும் பாதிக்கப்படுவார்கள், நடுவயதினர் தப்பிக்கொள்வார்கள். வரைபடத்தில் போட்டால் கோடு இருபுறமும் உயர்ந்து நடுவில் தாழ்ந்திருக்கும். கொவிட்டில் இடது முனை அவ்வளவாக உயரவில்லை. அரிதாகச் சில பிள்ளைகளுக்குத் தொற்று தேறிச் சில வாரங்கள் கழித்துப் பல உறுப்புகளில் அழற்சி வந்ததுண்டு. பெற்றோர் பயந்ததில் நியாயம் இருந்தது.

எந்த ஆண்டில் பிறந்தீர்கள்?

இதுவரை சொன்னது மட்டுமே உண்மை என்றால் எல்லாப் பெருந்தொற்றிலும் முதியவரே அதிகம் இறக்க வேண்டும். 1918 இல் நடந்தது வேறு.

அந்த இன்புளுவென்சாவில் உலகெங்கும் சுமார் 5 கோடிப் பேர் இறந்ததாகக் கணிக்கப்படுகிறது. இலங்கைக்கு அது கொழும்புத் துறைமுகம் வழியாகவும் தலைமன்னார் வழியாகவும் வந்து நாடெங்கும் பரவியது. 1918, 1919 ஆண்டுகளில் இந்தத் தீவு இழந்த மக்கள் மூன்று இலட்சத்தைத் தொடுவார்கள் என்பது குடித்தொகைப் பதிவுகளை வைத்துச் செய்த ஒரு மதிப்பீடு. அன்றைய சனத்தொகையில் நூற்றுக்கு ஆறேழு பேர். இரண்டரை ஆண்டுக் கொவிட்டில் இலங்கையில் பதிவான மரணங்கள் பதினாறாயிரத்துச் சொச்சம் என்பதை நினைத்தால், அன்றைய அழிவின் அளவு விளங்கும்.

உலகளவில் அந்த மரணங்களில் ஏறத்தாழ பாதி, 20 க்கும் 40 க்கும் இடைப்பட்டவர்களுடையவை. வரைபடத்தில் குழந்தைகளிடம் ஒரு மேடு, முதியவர்களிடம் ஒரு மேடு, இரண்டுக்கும் நடுவே இளைஞர்களிடம் மூன்றாவது மேடு. ஆங்கில டபிள்யூ எழுத்தைப் போன்ற வடிவம். அமெரிக்காவிலும் கனடாவிலும் பதிவுகளை அலசியபோது அந்த நடு மேட்டின் உச்சி 28 வயதில் நின்றது. குடும்பத்துக்கு உழைக்கிறவர், கைக்குழந்தை வைத்திருக்கிற தாய் என்று, வீட்டைத் தாங்குகிறவர்களே போனார்கள். அதேநேரம் 65 வயதைத் தாண்டியவர்கள் முந்திய ஆண்டுகளை ஒப்பிட்டால் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை.

ஏன் 28? 1918 இலிருந்து 28 ஐக் கழித்தால் 1890 வரும். 1889 இலும் 1890 இலும் உலகைச் சுற்றிவந்த இன்னொரு பெருந்தொற்று இருந்தது. அந்த நேரத்தில் பிறந்தவர்கள் முதன்முதலில் சந்தித்தது 1918 இன் வைரஸிலிருந்து மிகவும் வேறுபட்ட ஒரு வைரஸை என்றும், அதற்கு முன் பிறந்த முதியவர்கள் சிறுவயதில் 1918 இன் வைரஸுக்கு ஓரளவு உறவுள்ள ஒன்றைக் கண்டிருந்தார்கள் என்றும் பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இளைஞர்களின் உடம்பு தவறான எதிரியை நினைவில் வைத்துக்கொண்டு தவறான ஆயுதத்தைத் தூக்கியது என்பது அந்த வாதம். இளமையின் வலுவான எதிர்ப்பே மிஞ்சிப்போய் நுரையீரலைக் கெடுத்தது என்ற விளக்கமும் கூடவே உண்டு. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதில்லை. பெரும்பாலானோரின் உயிரைக் கடைசியில் எடுத்தது வைரஸுக்குப் பின்னால் வந்த பக்டீரியா நியூமோனியா. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் அன்று இல்லை.

சிறுவயதில் முதலில் சந்திக்கும் இன்புளுவென்சா வைரஸ் நம் எதிர்ப்பாற்றலில் ஆழப் பதிந்துவிடுகிறது என்பதை தோமஸ் பிரான்சிஸ் என்ற அமெரிக்க மருத்துவ அறிஞர் 1960 இல் எடுத்துச் சொன்னார். 2016 இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு வலுவான சான்று தந்தது. எச்5என்1, எச்7என்9 என்று இரண்டு பறவைக் காய்ச்சல்கள் இருக்கின்றன. இரண்டும் கோழி, வாத்துகளிலிருந்து மனிதருக்குத் தாவுபவை. ஆனால் முதலாவது பெரும்பாலும் இளையோரையும், இரண்டாவது பெரும்பாலும் முதியோரையும் கடுமையாகத் தாக்கியது. பிறந்த ஆண்டைப் பார்த்தபோது 1968 இல் ஒரு கோடு தெரிந்தது. 1968 இல் தான் மனிதரிடையே சுற்றிய இன்புளுவென்சாவின் குடும்பம் மாறியது. அதற்கு முன் பிறந்தவர்கள் சிறுவயதில் கண்டது எச்5என்1 க்கு உறவான குடும்பம்; அதற்குப் பின் பிறந்தவர்களில் பலர் கண்டது எச்7என்9 க்கு உறவான குடும்பம். உறவுக்காரனை முன்பே கண்டவர் தப்பினார்.

2009 இன் பன்றிக் காய்ச்சல் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அவ்வாண்டு ஜூன் 11 ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்றாக அறிவித்தது. வழக்கமான இன்புளுவென்சாவில் இறப்போரில் பெரும்பாலோர் 65 ஐக் கடந்தவர்கள். அந்தப் பெருந்தொற்றில், அமெரிக்க மதிப்பீட்டின்படி, இறந்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் 65 க்குக் குறைந்தவர்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் மூன்றில் ஒருவர் அளவில் அந்த வைரஸைத் தடுக்கும் எதிர்ப்பொருளை, சிறுவயதில் கண்ட பழைய உறவுக்கார வைரஸின் தயவில், ஏற்கெனவே வைத்திருந்தார்கள். கர்ப்பிணித் தாய்மார் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். கர்ப்பிணிகளுக்கு இன்புளுவென்சாத் தடுப்பூசி ஏன் பரிந்துரைக்கப்படுகிறது என்று குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டால் அந்தப் பாடத்தைத்தான் சொல்வார். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முதியவர்களுக்கு 2009 இல் தொற்றுவது குறைவாக இருந்ததே தவிர, தொற்றிவிட்டால் அவர்களுக்கும் அது கடுமையாகவே இருந்தது. பிறந்த ஆண்டு காப்பாற்றியது, தேய்ந்த உடம்பு கைவிட்டது.

கொவிட்டில் பிறந்த ஆண்டு ஏன் பேசப்படவில்லை என்பது இப்போது தெளிவாகும். அந்த வைரஸை 2019 இன் இறுதிக்கு முன் யாரும் கண்டதில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அது புதிது, தொண்ணூறு வயது ஆச்சிக்கும் புதிது. முன்நினைவு எவருக்கும் உதவாத நிலையில் உடம்பின் தேய்மானம் மட்டுமே பேசியது. அதனால்தான் அந்தக் கோடு அத்தனை ஒழுங்காக ஏறியது. இனிமேல் அப்படி இருக்காது. 2022 இல் திருகோணமலையில் பிறந்த பிள்ளை தடிமன் வைரஸ்களோடு சேர்த்து இதையும் தவழும் வயதிலேயே கண்டிருக்கும். அந்தப் பிள்ளைக்கு எழுபது வயதாகும்போது இது அதற்குப் பழகிய கிருமி.

தொற்றுவது ஒன்று, கடுமையாவது இன்னொன்று

யாருக்கு அதிகம் தொற்றியது என்பதையும் யார் அதிகம் இறந்தார்கள் என்பதையும் போட்டுக் குழப்பிக்கொள்வது சாதாரணமாக நடக்கும் பிழை. மீன் ஏலத்தில் நெருக்கியடித்து நிற்பவர், பஸ் நடத்துநர், கடையில் காசாளராக இருக்கும் பெண்பிள்ளை, இவர்கள்தான் நாள்முழுக்க நூறு பேரின் மூச்சுக்காற்றில் நிற்பவர்கள். தொற்று இவர்களுக்கு முதலில் வரும். இரவில் இவர்கள் போகும் வீட்டில் அம்மம்மாவோ உம்மம்மாவோ இருப்பார். நம் ஊர் வீடுகளில் மூன்று தலைமுறையும் ஒரே விறாந்தையில்தான் புழங்குகின்றன. "தனி அறையில் தனிமைப்படுத்திக்கொள்ளுங்கள்" என்ற அறிவுரையை எழுதியவருக்கு, ஒரு மண்டபமும் ஒரு குசினியும் மட்டுமே உள்ள வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. அங்கே செய்யக்கூடியது ஆச்சியின் படுக்கையை யன்னல் பக்கம் மாற்றுவதும், இருமல் உள்ளவர் வெளித்திண்ணையில் படுப்பதும், முகக்கவசம் போடுவதும்தான். காற்றோட்டம் பெரிய உதவி.

2021 பெப்ரவரியில், தடுப்பூசி வந்து சில வாரங்களில், 30 முதல் 60 வயது வரையானவர்களுக்கு முன்னுரிமை என்று அறிவிக்கப்பட்டபோது எழுந்த சர்ச்சைக்கும் இந்த இரண்டு கேள்விகளே அடிப்படை. வெளியே திரிபவர்களுக்கு ஊசி போட்டால் பரவல் குறையும் என்பது ஒரு கட்சி. சாகக்கூடியவர்களுக்குப் போட்டால் சாவு குறையும் என்பது மறுகட்சி. கையில் கொஞ்ச ஊசிகளே இருக்கும்போது நான் இரண்டாவது கட்சிதான். மைதானக் கணக்கை மறுபடி பாருங்கள்: 75 வயதினருக்குப் போடும் பத்தாயிரம் ஊசிகளால் தடுக்கக்கூடிய மரணம் எவ்வளவு, 25 வயதினருக்குப் போட்டால் எவ்வளவு? முதியவர்களின் உடம்பு தடுப்பூசிக்கும் சற்றுச் சோம்பலாகவே பதிலளிக்கும், அந்த எதிர்ப்பும் விரைவில் குறையும் என்பது உண்மைதான். அதற்காகத்தான் அவர்களுக்கு மேலதிக ஊசி வலியுறுத்தப்பட்டது. பாதுகாப்புச் சற்றுக் குறைந்தாலும், நானூற்றறுபதில் பெரும்பகுதியைக் காப்பாற்றுவது ஒன்றைக் காப்பாற்றுவதைவிடப் பெரிது.

வீட்டில் கவனிக்க வேண்டியது

முதியவர்களின் நோயில் ஏமாற்றுகிற விடயம் காய்ச்சல். காய்ச்சல் என்பது வைரஸ் செய்வதல்ல, உடம்பு செய்வது. எதிர்ப்பாற்றல் மந்தமான உடம்பில் நியூமோனியா முற்றியிருந்தும் வெப்பமானி சாதாரணமாகக் காட்டலாம். "மேல் சுடவில்லை, ஒன்றுமில்லை" என்று இருந்துவிட்டு, மூச்சு இழுக்கத் தொடங்கியபின் வைத்தியசாலைக்கு ஓடியவர்கள் பலர். வழக்கமாகக் கேட்டு வாங்கிக் குடிக்கும் பிளேன்ரீயை வேண்டாம் என்று தள்ளுவது, கதைக்கும்போது ஆள் பெயர்களை மாற்றிச் சொல்வது, பகலில் தூங்கி வழிவது, நன்றாக நடந்தவர் கிணற்றடியில் விழுவது, இவையே எண்பது வயதில் நோயின் முதல் அறிகுறிகளாக இருக்கலாம். வயதுபோய்விட்டது, அப்படித்தான் என்று விடக்கூடாது. நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் மாற்றம் வந்திருந்தால் அது முதுமையல்ல, நோய்.

விரலில் மாட்டி ஒட்சிசன் அளவைப் பார்க்கும் சிறு கருவி வீட்டில் இருந்தால் நல்லது. கை குளிராமல், நகப்பூச்சோ மருதாணியோ இல்லாத விரலில், சற்று ஓய்வாக இருக்கும்போது பார்க்க வேண்டும். 94 க்குக் கீழே இறங்கினால் வைத்தியரிடம் காட்டுவது நல்லது, 90 க்குக் கீழே என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. ஏற்கெனவே நாட்பட்ட சுவாச நோய் உள்ளவருக்கு எந்த அளவு வழமை என்பதை அவருடைய வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதிவைத்துக்கொள்ளலாம்.

கருவி இல்லாவிட்டால் கடிகாரம் போதும். நோயாளி அமைதியாகப் படுத்திருக்கும்போது நெஞ்சோ வயிறோ எழுந்து தாழ்வதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று அவருக்குச் சொல்லக்கூடாது. சொன்னால் மூச்சின் போக்கு மாறிவிடும். வளர்ந்தவர்களில் 12 முதல் 20 வரை சாதாரணம். ஓய்வாக இருக்கும்போதே 24 ஐத் தாண்டினால் காட்ட வேண்டும், 30 ஐத் தாண்டினால் அது கடுமையான நோய். குழந்தைகளுக்கு இந்த எல்லைகள் பொருந்தா. இரண்டு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40 என்பவை உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லைகள். அந்த எண்ணைத் தொட்டாலே வேகமான மூச்சுத்தான். ஆகவே 45 என்று எண்ணி முடித்தால், அது ஆறுமாதக் குழந்தைக்கு இயல்பான மூச்சு, மூன்று வயதுப் பிள்ளைக்கு வைத்தியரிடம் காட்ட வேண்டிய மூச்சு, ஆச்சிக்கு உடனே வாகனம் பிடிக்க வேண்டிய மூச்சு.